புல் நடுவதற்கு முன் ஐந்து மாதம்

பெங்களூரு பாணஸ்வாடியில் என் மாமனார் விட்டுச்சென்ற வீட்டின் பின்புறத்தில், 20 அடி அகலமும் 30 அடி நீளமும் கொண்ட ஒரு தோட்டம் இருக்கிறது. நான்கு ஆண்டுகள் வீடு பூட்டியே கிடந்ததால், 2024 ஜனவரியில் பின்கதவைத் திறந்தபோது துணி துவைக்கும் கல் எங்கே, துளசி மாடம் எங்கே என்றே தெரியாதபடி உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் இடுப்பளவு வளர்ந்து நின்றன. அங்கே ஒரு புல்தரை வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. மார்ச்சுக்குள் முடித்துவிடலாம் என்று நான் சொன்னதை அவர் இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறார்.

உண்ணிச்செடியைத் தூரோடு வெட்டி எடுப்பது உடலுழைப்பு மட்டுமே. பார்த்தீனியம் அப்படியல்ல, தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். அதனால் முதல் நாள் மாலை மண்ணை நனைத்துவிட்டு, மறுநாள் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பூக்காத செடிகளை முதலில் வேரோடு பிடுங்கினோம். பூத்தவற்றை விதை உதிராமல் சாக்கில் கட்டினோம். இந்தச் செடியைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து தருவித்த வண்டுகளை 1984இல் பெங்களூரில்தான் விட்டார்கள். எங்கள் தோட்டத்துக்கு மட்டும் அவற்றுக்கு வழி தெரியவில்லை போலும்.

பெரிய தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. வாடகைக்கு ஒரு சிறிய உழவு இயந்திரம் எடுத்து மண்ணைப் புரட்டினேன். பத்தே நாளில் நாற்றங்கால் போலக் கோரை முளைத்து நின்றது. கோரைக்கிழங்குகள் மண்ணுக்கடியில் சரம் கோத்தாற்போல் இணைந்திருக்கும். சரம் அறுபடாதவரை அவற்றில் பல உறங்கிக் கிடக்கும், அறுத்துவிட்டால் துண்டுக்கு ஒன்றாக விழித்துக்கொள்ளும். அந்த வேலையை நான் காசு கொடுத்துச் செய்திருந்தேன். கடைக்காரர் ஒருவர் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியை அடிக்கச் சொன்னார்; 2022ஆம் ஆண்டின் அரசாணைப்படி அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் வழியாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட தோட்டக்காரப் பெரியவர் ஒருவர்தான், "கோரைய வெட்டினா குட்டி போடும் சார், கெல்லித்தான் எடுக்கணும்" என்றார்.

கெல்லினோம். ஒன்பது அங்குல ஆழத்துக்கு மண்ணைக் கடப்பாரையால் நெம்பி, மணல் சலிக்கும் சல்லடையில் கொட்டிக் கிழங்குகளைப் பொறுக்க, இரண்டு பேருக்குப் பதினொரு நாள் ஆயிற்று. இரண்டு சாக்குக் கிழங்கு சேர்ந்தது. அதில் ஒரு படியை என் மாமியார் கழுவிக் காயவைத்து, குளியல் பொடிக்கென்று எடுத்துக்கொண்டார். ஐந்து மாத உழைப்பில் கைமேல் கிடைத்த பலன் அது ஒன்றே.

மார்ச்சில் நகரில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றி, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிப்பு வந்தது. மழைக்கு முன் புல் நடும் பேச்சே எழவில்லை. அந்தக் காத்திருப்பு நல்லதாயிற்று. மண்ணை ஒருமுறை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணிட்டு மூடி ஆறு வாரம் வெயிலில் வேகவிட்டோம். மேல்மண்ணிலிருந்த களை விதைகள் பெரும்பாலும் இதில் மடிந்தன. எஞ்சிய கோரையோ தாளையே குத்திக்கொண்டு எட்டிப் பார்த்தது.

மே மழைக்குப் பின் ஓர் அங்குலக் கனத்துக்கு மக்கிய தொழுவுரம் பரப்பினோம். 600 சதுர அடிக்கு 50 கன அடி பிடித்தது. கரையானுக்காக வேப்பம்பிண்ணாக்கும் கலந்தோம். வீட்டுச் சுவரிலிருந்து மதில் நோக்கி 30 அடிக்கு நான்கு அங்குலம் சரிவு வைத்து, ரசமட்டம் பிடித்து நிரவினோம். பிறகு வேண்டுமென்றே தண்ணீர் தெளித்துக் களைகளை முளைக்கவிட்டு, அடிமண் புரளாமல் மேலாகச் சுரண்டி எடுத்தோம். இதை இரண்டு முறை செய்தோம்.

மெக்சிகன் புல் பாய்கள் பார்க்க அழகுதான், ஆனால் விலை அதிகம். முழு வெயில் விழும் இடம் என்பதால், நம் அருகம்புல்லின் இனமான பெர்முடாவைத் தேர்ந்தெடுத்தோம். அதன் துண்டுகளை மூன்று அங்குல இடைவெளியில் ஊன்றினால் போதும், தானே படர்ந்துகொள்ளும். மாமரத்தடியில் மட்டும் நிழல் காரணமாக ஆறடி வட்டத்தை வெறும் மண்ணாகவே விட்டிருக்கிறோம்.

ஜூன் இரண்டாம் வாரமான இப்போது, காலையில் காபிக்கு முன் நாலைந்து கோரை முளைகளைக் கிழங்கோடு எடுக்கிறேன். புல் துண்டுகள் வியாழக்கிழமை வருகின்றன.