மூன்றாவது படி

உரத்தொட்டி நாற்றமடிக்கிறது என்று புகார் வந்தபோது, என் மாணவர்கள் அறிக்கையின் முடிவுரையை எழுதிக்கொண்டிருந்தார்கள். "திட்டம் வெற்றி" என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை அடிக்கச் சொல்வதற்கு முன்பே அவர்களே அடித்துவிட்டார்கள்.

ஒரு குடியிருப்புப் பகுதியின் குப்பைச் சிக்கலை அங்கிருப்பவர்களோடு சேர்ந்து தீர்ப்பதுதான் அந்தப் பருவத்தின் களப்பணி. "சேர்ந்து" என்ற சொல்லைப் பாடத்திட்டத்தில் எழுதியவன் நான்தான். நாங்கள் செய்ததோ வேறு. கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போய், "குப்பையைப் பிரித்துத் தருகிறீர்களா?" என்று கேட்டோம். அநேகமாக எல்லோரும் ஆம் என்றார்கள். பேனாவும் தாளுமாக வாசலில் நிற்கும் பிள்ளையிடம் யார்தான் இல்லை என்பார்கள்? ஆனால் வண்டியில் ஏறிய குப்பை கலந்தே கிடந்தது. உடனே "விழிப்புணர்வு போதவில்லை" என்று தீர்ப்பெழுதினோம். சுவரொட்டி ஒட்டினோம், இரண்டு நிறத்தில் கூடைகள் கொடுத்தோம், பொது இடத்தில் மட்கும் குப்பைக்கு ஓர் உரத்தொட்டியும் வைத்தோம்.

தொட்டிக்குள் வெப்பமானி செருகியிருந்தோம். நோய்க்கிருமிகள் சாக வேண்டுமானால் குவியலின் சூடு 55 டிகிரி செல்சியஸைத் தொட்டுச் சில நாளாவது அங்கேயே நிற்க வேண்டும். எங்களுடையது 35-ஐத் தாண்டவில்லை. மாணவர்கள் வெப்பமானியைச் சந்தேகித்தார்கள்.

அந்தத் தெருவின் தூய்மைப் பணியாளரான அம்மா கையுறையோடு ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். நீர் ஒழுகியது.

"மூச்சு முட்டிக் கிடக்கிறது தம்பி. சருகே போடாமல் வெறும் காய்கறித் தோலாகவே கொட்டினால் அழுகத்தானே செய்யும்?"

மட்கும் குவியலில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கரிமம் சுமார் 30 பங்கு இருக்க வேண்டும், ஈரம் பாதிக்குச் சற்று மேலே, 60 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்றெல்லாம் மாணவர்கள் தேர்வில் எழுதியவர்கள்தான். காற்றுப் புகாத ஈரக் குவியலில் முட்டை அழுகிய வாடை வரும் என்பதும் தெரியும். அந்த வாடைதான் வந்துகொண்டிருந்தது. கரிமத்துக்காக மரத்தூள் வாங்கப் பட்டியல் போட்டபோது அந்த அம்மா சிரித்துவிட்டார். அவர் அன்றாடம் கூட்டிய சருகு மூட்டை மூட்டையாக வண்டியில் வெளியே போய்க்கொண்டிருந்தது.

குப்பை கலப்பதற்கும் அவரிடம் விடை இருந்தது. வண்டி வருவது பத்து மணிக்கு. பாதி வீடுகள் எட்டு மணிக்கே பூட்டிவிடும். பூட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டித் தெருமுனையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். வண்டியின் நேரத்தைப் பற்றி எங்கள் கேள்வித்தாளில் ஒரு கேள்விகூட இல்லை.

மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் வரைந்து காட்டினார். அடியில் மக்களை ஏய்ப்பது; உச்சியில் முடிவு மக்கள் கையிலேயே இருப்பது. ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்துகிறேன். எங்கள் சுவரொட்டி நின்றது மூன்றாவது படியில்: தகவல் சொல்லுதல். கேள்வித்தாளுக்காக நான்காவது படியான கருத்துக் கேட்டலை உரிமை கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால்தானே?

வண்டி நேரத்தை மாற்றக் குடியிருப்பவர்களும் அந்த அம்மாவும் மாணவர்களும் சேர்ந்து அலுவலகத்துக்கு நடந்தார்கள். இரண்டு மாதம் பிடித்தது. "இதற்கு மதிப்பெண் உண்டா?" என்று ஒருவன் கேட்டான். கோபம் வந்தது, ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கு இடம் வைக்காதவனும் நான்தானே. கடைசியில் வாரத்தில் மூன்று நாள் வண்டி காலை ஆறரைக்கு வந்தது. அந்த நாள்களில் மட்டும் குப்பை ஓரளவு பிரிந்து வந்தது. மற்ற நாள்களில் பழைய பைதான்.

சருகு சேர்ந்ததும் நாற்றம் அடங்கியது, சூடும் ஏறியது. பிறகு விடுமுறை வந்தது. மாணவர்கள் ஊருக்குப் போனார்கள், தொட்டியைக் கிளற ஆளில்லை, ஈ மொய்த்தது. மட்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும் ஒன்றைப் பருவ அட்டவணைக்குள் நான் திணித்திருந்தேன்.

அடுத்த ஆண்டு புதிய மாணவர்களோடு போனேன். அவர்களை அறிமுகப்படுத்த வாயெடுப்பதற்குள் அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் ஐயா. லீவில் யார் வந்து கிளறுவது? முதலில் அதைச் சொல்லுங்கள்."