கட்டைவிரல்

பிப்ரவரி 6, வியாழன்

சனிக்கிழமை கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் வாங்கியாகிவிட்டது. பெங்களூர் சௌடையா ஹால். ஒரு ஆள், ஒரு கிட்டார், பக்கவாத்தியம் கிடையாது. அம்மாவையும் கூப்பிட்டேன். "கிட்டார்ல கமகம் எங்கேடா வரும்?" என்றாள். ஸ்வரத்தை அசைத்து இழைப்பதைத்தான் சொல்கிறாள். ஐம்பது வருஷமாக வீணை வாசிக்கிறவளிடம் என்ன வாதாடுவது? "ஹாலுக்காக வாம்மா" என்றேன். ஏழு தந்தி வயலின் வாசித்த சௌடையாவின் பெயரில், வயலின் வடிவத்திலேயே கட்டிய கட்டடம். அம்மாவுக்கு அது கோயில் மாதிரி.

பிப்ரவரி 8, சனி, இரவு 11.30

தூக்கம் வரவில்லை.

நான்காவது வரிசை. அவருடைய வலது கை கண்ணுக்கு நேரே. கட்டைவிரலில் தந்தியை மீட்டும் பிளாஸ்டிக் பிக் ஒன்றை மோதிரம் போல மாட்டியிருந்தார். அந்த விரல் தடித்த தந்திகளில் மாறி மாறி இறங்கிக்கொண்டே இருந்தது. உள்ளங்கை ஓரம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேல் லேசாகப் படிந்திருந்ததால், அந்தத் தந்திகள் கார்வை இல்லாமல் மிருதங்கத் தொப்பி போல அமுங்கி ஒலித்தன. பாட்டெல்லாம் மற்ற விரல்களில்.

இத்தனை நாள் ரெக்கார்டிங்கில் கேட்டு, இரண்டு கிட்டார் என்றே நினைத்திருக்கிறேன். 'டிராவிஸ் பிக்கிங்' என்கிற இந்தப் பாணிக்குப் பெயர் தந்த அமெரிக்க கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்தே வாசித்தவர். அதை ரேடியோவில் கேட்ட இன்னொரு கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ், இரண்டு விரலில் இது வராது என்று எண்ணிக் கூடுதல் விரல்களைச் சேர்த்துக்கொண்டார். அதுவே அவருடைய வாசிப்பாகிவிட்டது.

நடுவில் ஒரு தந்தி சுருதி இறங்கியது. அவர் நிறுத்தவில்லை. இடது கை சும்மா இருக்கும் ஒரு நொடி பார்த்து, தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகினார். கட்டைவிரல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

ஆட்டோவில் அல்சூர் ஏரி வரும்வரை அவள் பேசவில்லை. பிறகு, "நமக்கு வீணையில தாளத் தந்திக்குச் சுண்டுவிரல், அவருக்குக் கட்டைவிரல். ஆனா நாம தட்டிட்டு விட்டுடறோம். அந்த மனுஷன் விடவே இல்லையேடா."

"கமகம்?"

"அது இல்லைதான்."

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையிலேயே கிட்டாரை எடுத்தேன். தாளம் தட்டும் மெட்ரோனோம், நிமிஷத்துக்கு 60 தட்டு. வெறும் கட்டைவிரல், இருபது நிமிஷம். நன்றாகத்தான் போனது. ஆள்காட்டி விரலைச் சேர்த்ததும் கட்டைவிரல் அதன் பின்னாலேயே ஓடுகிறது.

அம்மா காபி டம்ளரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். மெட்ரோனோமை அணைத்துவிட்டுத் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தாள்.

"கை ஓடறது பார். விளம்பமா வாசி. இன்னும்."