எந்தத் தாளில் எழுதுவது

அந்தப் பெயரை நான் இறந்தோர் தாளில்தான் எழுதினேன். எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மற்ற உறைகளோடு பெட்டியில் சேர்த்துவிட்டேன். நவம்பர் முழுவதும் பீடத்தின் அருகே அந்தப் பெட்டி இருந்தது. ஒவ்வொரு பூசையிலும் அதற்காகச் செபித்தார்கள். அதில் பிழை இருப்பதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் ஒக்டோபரில் அச்சகத்திலிருந்து புதிய தாள்கள் வரும்போதெல்லாம் மனம் ஒருநிலையில் இருப்பதில்லை.

பங்கு அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கு நடைமுறை தெரியும். நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்காக, இறந்தவர்களின் பெயர்களை எழுதக் குடும்பத்துக்கு ஒரு தாள். கண் மங்கியவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பேன். பூசைக் கருத்துக்கான, அதாவது எதற்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்று எழுதும் பற்றுச்சீட்டுப் புத்தகம் வேறு. அது பெரும்பாலும் உயிரோடு இருப்பவர்களுக்கு: நோய் குணமாக, பரீட்சையில் சித்தியடைய, கட்டாருக்குப் போன பிள்ளை நலமாயிருக்க.

அந்த அம்மாவின் மகன் 1990இல் கொண்டுபோகப்பட்டவர். மட்டக்களப்பில் அந்த ஆண்டைச் சொன்னால் போதும், மேலே விளக்கத் தேவையில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேரைச் செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, யூஜின் ஹேபர்ட் என்ற இயேசு சபைக் குருவானவரும் அவரோடு சென்ற இளைஞரும் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார்கள். குருவானவருக்கே கல்லறை இல்லாத ஊர் இது.

ஒவ்வோர் ஆண்டும் மகனின் பிறந்தநாளுக்கு அந்த அம்மா ஒரு பூசை ஒப்புக்கொடுப்பார். ‘மகன் சுகமாகத் திரும்பி வர’ என்றுதான் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்வார். வார்த்தை மாறியதே இல்லை. அந்த ஒக்டோபரில் கல்லறைத் திருநாள் தாளுக்காக வந்து உட்கார்ந்தார். கணவர், தாயார், மூத்த சகோதரி என்று மூன்று பெயர்கள் சொன்னார். எழுதினேன். அடுத்ததும் இருக்கும் என்ற பழக்கத்தில் ‘4’ என்று இலக்கம் போட்டுப் புள்ளியும் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மகள், அவனையும் இதில் எழுத வேண்டுமா?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். “உயிரோடு இருந்தால் பெற்றவளே அவனைச் சாகடித்த மாதிரி. இல்லையென்றால், இத்தனை வருடமும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கிற பிள்ளைக்கு நான் ஒரு செபம்கூட அனுப்பவில்லை.”

உத்தரிக்கிற ஸ்தலம் என்பது இறந்தவர்கள் விண்ணகம் சேருமுன் தூய்மை பெறும் நிலை; அங்கிருப்பவர்களுக்கு நம் செபம் உதவும் என்பது எங்கள் விசுவாசம். நான் பூசையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்திலிருந்து நாக்கில் வந்ததைச் சொன்னேன். “வாழ்வோருக்கும் இறந்தோருக்கும் தீர்ப்பு வழங்க வருகிறவர் அவர்தானே அம்மா. எதில் எழுதினாலும் அவருக்குத் தெரியும்.”

ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை.

“தீர்ப்பு யாருக்கு மகள்? என் பிள்ளைக்கா, அவனைப் பிடித்துக்கொண்டு போனவனுக்கா?”

என்னிடம் பதில் இல்லை. அவர் காணிக்கையை உறைக்குள் வைத்தார். “நீயே எழுது. எதில் எழுதினாய் என்று எனக்குச் சொல்லாதே” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் எழுதியதற்குக் காரணம் இருந்தது. திரும்பி வருவதற்காக எத்தனையோ பூசைகள் நடந்துவிட்டன. இறந்தோர் பக்கத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. அவர் உயிரோடு இருந்தால் இந்தச் செபத்தால் அவருக்கு ஒரு கேடும் வராது. இறந்திருந்தால் நிச்சயம் உதவும். பிறகு பங்குத்தந்தையிடம் கேட்டபோது, முகவரி பிழைத்த கடிதம்போலச் செபம் திரும்பி வருவதில்லை என்றார். அது எனக்குப் போதுமாயிருந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த அம்மா என்னிடம் விட்டுப்போனது ஏன்? தன் கையால் செய்ய முடியாததை இன்னொருவர் கையால் செய்விக்க நினைத்திருந்தால், நான் அவர் விரும்பியதைத்தான் செய்தேன். ‘வேண்டாம் அம்மா, எழுத மாட்டேன்’ என்று யாராவது மறுப்பார்களா என்று பார்க்க வந்திருந்தால்? இரண்டாவதுதான் என்று சில நாட்களில் தோன்றுகிறது. அரசாங்கம்கூட 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்துவிட்டார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்கிற ஒரு சான்றிதழுக்கு இடம் வைத்தது. அதையும் வாங்க மறுத்த தாய்மார் உண்டு. எங்கள் தாளில் அந்த இடமும் இல்லை.

மெதடிஸ்த சபையைச் சேர்ந்த சிநேகிதி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். 1814 முதல் இந்த ஊரில் வேரூன்றிய சபை அது. “எங்களிடம் அந்தத் தாளே இல்லையே. இறந்த பிறகு நம்முடைய செபம் எதையும் மாற்றாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்” என்றாள். ஒரு கணம் அவள்மேல் பொறாமையாக இருந்தது. பிறகு நினைத்தேன், அந்தச் சபையில் பிறந்திருந்தாலும் இந்த அம்மா எங்காவது போய் யாரிடமாவது அதே கேள்வியைக் கேட்டிருப்பார்.

தீர்ப்பு யாருக்கு என்ற கேள்விதான் என்னை விடவில்லை. மறைக்கல்வியில் படித்தவற்றைத் திரும்பத் தேடிப் படித்தேன். ஆன்மா உலக முடிவுவரை தீர்ப்புக்காகக் காத்துக் கிடப்பதில்லை, இறந்ததுமே தனித்தீர்வை, அதாவது ஒவ்வொருவருக்கும் தனியே தீர்ப்பு, உண்டு என்பதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336இல் தெளிவாக வரையறுத்தார். அப்படியானால் கடைசி நாளில் எல்லாருக்கும் சேர்த்துப் பொதுத்தீர்வை எதற்கு? புனித தோமா அக்குவினாஸ் ஒரு காரணம் சொல்கிறார்: மனிதன் செத்தாலும் அவன் செய்தது சாவதில்லை; பிள்ளைகளில், பிறர் நினைவில், செயலின் விளைவுகளில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது; அதெல்லாம் முடிந்த பிறகுதான் முழுத் தீர்ப்பும் சொல்ல முடியும். இதை வாசித்தபோது நினைவுக்கு வந்தது அந்த அம்மாவின் பற்றுச்சீட்டுகள். ஒரு மாலையில் ஒருவன் செய்த செயல் என் மேசைவரை வந்து, ஆண்டுதோறும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

கொண்டுபோனவன் மனந்திரும்பி மன்னிப்புப் பெற்றிருக்கலாம். சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு அன்றைக்கே பேரின்ப வீடு கிடைத்தது. அவனுக்கு மன்னிப்பே கிடையாது என்று நான் அந்த அம்மாவிடம் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த நாளில் ஒவ்வொருவரும் செய்ததும் செய்யத் தவறியதும் அவற்றின் கடைசி விளைவுவரை வெளிப்படும் என்று திருச்சபை போதிக்கிறது. மன்னிக்கப்பட்டவன் செய்ததும் மறைக்கப்படாது. பிள்ளையை எங்கே கொண்டுபோனார்கள் என்பது அந்த அம்மாவின் காது கேட்கச் சொல்லப்படும். இதற்காக அந்த நாளை எதிர்பார்ப்பது பாவமா என்றும் யோசித்தேன். விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்களே பீடத்தின் கீழிருந்து ‘எதுவரைக்கும்’ என்று உரத்த குரலில் கேட்கின்றன. நவம்பர் மறையுரைகளில் தீர்ப்பு நாள் எப்போதும் எங்களுக்கான எச்சரிக்கையாகவே வருகிறது. நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கித் தளர்ந்தவர்களுக்கு அது மிஞ்சியிருக்கிற ஒரே விசாரணை என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த அம்மா முதலில் கேட்டது என் பிள்ளைக்கா என்றுதான். அந்தப் பயத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தான், சாகும் நேரத்துக்கான அவஸ்தைப்பூசுதல் இல்லாமல் போனானே என்றெல்லாம் ஒரு தாய் கணக்குப் பார்த்திருப்பார். அவருக்காக, தீர்ப்பு நாளில் தாம் என்ன சொல்வார் என்று இயேசு கூறும் மத்தேயு 25ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். “சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள்.” படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முகாம் முகாமாக, பூசா, களுத்துறைச் சிறைகள் என்று போனவர் அவர். அவருக்கு அங்கே என்ன பதில் கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மகன்? அந்த அதிகாரத்தில் சிறையில் இருந்தவனாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறவர் நடுவரே. அப்படியானால் அந்தப் பிள்ளை குற்றவாளிகளின் வரிசையில் அல்ல, நடுவரின் பக்கத்தில் அல்லவா நிற்கிறார்?

பங்குத்தந்தையிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தன் வாழ்வுக்குத் தானே கணக்குக் கொடுக்க வேண்டும், துன்பம் பட்டதால் மட்டும் யாரும் நீதிமான் ஆவதில்லை என்றார். பிறகு, “அதை அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். மகன் சிறையிலேயே இறந்துவிட்டான் என்று நீங்களே சொன்னதுபோல் ஆகிவிடும்” என்றார்.

அந்த அம்மா மறுவருடமும் பிறந்தநாள் பூசைக்கு வந்தார். ‘திரும்பி வர’ என்றே எழுதச் சொன்னார், எழுதினேன். தாளைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பங்குத்தந்தை சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சிறையில் இருந்தவர் இறந்துபோனார் என்று அதில் எங்குமே இல்லை. அடுத்த முறை அவர் வரும்போது அதையாவது வாசித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன்.