4294967297-உடன் ஒரு மாதம்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு இரண்டாவது முறை படித்தபோது எனக்கு இடறியது எண் கோட்பாடுதான். ஃபெர்மாவின் சிறு தேற்றம், ஆய்லர் ஃபை, சீன மீதித் தேற்றம் எல்லாம் வரி பிசகாமல் சொல்வேன். கணக்கு என்று வந்தால் எதை எங்கே போடுவது என்று தெரியாமல் கை நின்றுவிடும். சரி, புதுப் பாடம் வேண்டாம் என்று 4294967297 என்ற ஒரே எண்ணோடு ஒரு மாதம் கிடந்தேன். அதாவது 2³² + 1.

இது பகா எண் என்று ஃபெர்மா நம்பியதும், 641 இதை வகுக்கும் என்று 1732-இல் ஆய்லர் காட்டியதும் எல்லோரும் படித்த கதை. 641 எங்கிருந்து வந்தது? அதை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு பகா எண் இதை வகுக்கிறது என்று வையுங்கள். அதை மட்டாக எடுத்தால், அதாவது அதனால் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால், 2³² என்பது −1, வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ என்பது 1. ஆக 2-இன் வரிசை, அதாவது 2-ஐ ஏற்றி முதன்முதலாக 1 கிடைக்கும் அடுக்கு, சரியாக 64. பகா எண் p வகுக்காத எந்த எண்ணையும் p−1 அடுக்குக்கு ஏற்றினால் மீதி 1 என்பது சிறு தேற்றம். அதன்படி, அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64-ஆல் வகுபட வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே ஆள் சிக்கிவிட்டார்!

பின்னாளில் பிரெஞ்சுக் கணிதவியலர் லூக்கா 64-ஐ 128 ஆக்கினார், அதாவது ஒன்றைக் கழித்தால் 128-ஆலேயே வகுபட வேண்டும் என்றார். அப்போது மிஞ்சுவது 257-உம் 641-உம்தான். 257 தானே ஒரு ஃபெர்மா எண், அதாவது 2-இன் அடுக்கே 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும்போது அதோடு ஒன்றைக் கூட்டி வரும் எண். நம் எண்ணும் அப்படித்தான். ஃபெர்மா எண்கள் ஒன்றுக்கொன்று சார்பகா (1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவை) என்பதால் அதுவும் போயிற்று. முதல் வகுத்தலே 641.

வகுக்கக்கூட வேண்டாம். 641 = 5 × 2⁷ + 1, 641 = 5⁴ + 2⁴. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 641-ஐ மட்டாக வைத்து முதலாவதை நான்காம் அடுக்குக்கு ஏற்றிப் பாருங்கள்: 5 × 2⁷ என்பது −1, ஆக 5⁴ × 2²⁸ என்பது 1; 5⁴-க்குப் பதில் −2⁴ போட்டால் 2³² என்பது −1. இரண்டே வரி. மட்டுக் கணிதம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த இரண்டு வரியில்தான்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மற்றொரு காரணி 6700417. அது பகா எண்தானா என்று பார்க்க 3, 7, 11 என்று ஆரம்பித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். அதன் வர்க்கமூலம் 2589-ஐத் தொடாது. அதன் காரணியும் 128 விதிக்குக் கட்டுப்பட்டதுதானே? சோதிக்க வேண்டியவை 641, 769, 1153, 1409 நான்கு மட்டும். நான்கிலும் மீதி வரும்.

அப்புறம் இதே எண்ணை வைத்தே மற்றப் பாடங்களையும் முடித்தேன். ஃபை மதிப்பு (இதைவிடச் சிறியதாய், இதோடு சார்பகாவாய் இருக்கும் எண்களின் எண்ணிக்கை) 640 × 6700416. இரு வர்க்கங்களின் கூட்டலாக 65536² + 1² கண்ணுக்குத் தெரிவது. 62264² + 20449² தேடினால்தான் கிடைக்கும். 2-ஐ அடியாக வைத்தால் இது பகா எண்ணைப் போலவே சிறு தேற்றச் சோதனையில் தேறிவிடும். தேற்றத்தின் மறுதலை உண்மையில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து 2⁶⁴ + 1-ஐக் கையால் தொட்டேன். அங்கே காரணி 256-இன் மடங்கோடு ஒன்று. நாற்பது மடங்கு வரை போய் விட்டுவிட்டேன். விடை 274177, அது 1071-ஆவது மடங்கு.