மைனஸ் ஒரு வினாடி

பென்னாகரம் பக்கம் ப்ளஸ் ஒன்னுக்கு இயற்பியல் எடுக்கிறேன். இயக்கவியலில் மேலே எறிந்த கல் கணக்கு வந்துவிட்டால் போதும், "ஜி-க்கு ப்ளஸ் போடணுமா மைனஸ் போடணுமா சார்?" ஆரம்பித்துவிடும். ஜி என்றால் புவியீர்ப்பு முடுக்கம். ஏறும்போது மைனஸ், இறங்கும்போது ப்ளஸ் என்று யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள். மேல்நோக்கி ப்ளஸ் என்று ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் கல் ஏறினாலும் இறங்கினாலும் ஜி மைனஸ்தான், உச்சியிலும் அதேதான். அங்கே திசைவேகம்தான் சுழி. முடுக்கமும் சுழியானால் கல் அந்தரத்திலேயே நின்றுவிடும்டா என்றால் சிரிக்கிறார்கள், ஆனால் பரீட்சையில் சுழி என்றே எழுதுகிறார்கள்.

புத்தகக் கணக்கில் கோபுரம் இருக்கும். நான் கிணறாக மாற்றிவிடுவேன். இங்கே பாதிப் பேர் காட்டில் கிணறு உண்டு, விளிம்பைச் சுழி என்று வைத்தால் தண்ணீர் மைனஸில் இருக்கிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. விளிம்பிலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம், தண்ணீர் 25 மீட்டர் கீழே, ஜி 10 என்று வைத்துக்கொள்வோம். நீட் கோச்சிங் போகிற பிள்ளைகள் 'டூ யூ பை ஜி' (எறிந்த வேகத்தின் இரு மடங்கை ஜி-யால் வகுப்பது) போட்டு 4 வினாடி என்பார்கள். கல் விளிம்புக்குத் திரும்பவே அந்த 4 வினாடி ஆகிவிடும், ஆனாலும் ஆப்ஷனில் 4 கட்டாயம் இருக்கும், கேள்வி எடுப்பவர்களுக்குத் தெரியாதா என்ன! ஏறுவது தனி, இறங்குவது தனி என்று உடைக்காமல் ஒரே சமன்பாடாக, இடப்பெயர்ச்சி மைனஸ் 25 என்று போட்டால் இரண்டு விடை வரும்: 5, மைனஸ் 1.

எல்லோரும் மைனஸ் 1-ஐ அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு பையன் மட்டும், "அது எங்கிருந்து சார் வந்துச்சு?" என்றான். நல்ல கேள்வி. நாம் எறிவதற்கு ஒரு வினாடி முன்னால், தண்ணீர் மட்டத்திலிருந்து ஒருவன் வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்திருந்தால், ஒரே வினாடியில் 25 மீட்டர் ஏறி, சரியாக 20 வேகத்தில் அந்தக் கல் விளிம்பைக் கடந்திருக்கும். அங்கிருந்து இரண்டு கல்லும் ஒன்றுதான். சமன்பாட்டுக்கு எறிந்த கை எங்கே இருந்தது என்று தெரியாது, அதனால் தண்ணீர் மட்டத்தைத் தொடும் இரண்டு நேரத்தையும் சொல்லிவிடுகிறது. 5-ஆவது வினாடியில் தண்ணீரில் விழும் வேகமும் அதே 30தான், திசை மட்டும் கீழே.

தேர்வில் இதற்கெல்லாம் மார்க் கிடையாது, நேரம் மைனஸில் வராது என்று ஒரு வரி எழுதினால் போதும். இருந்தாலும் வருஷா வருஷம் இதற்கு அரை பீரியட் போய்விடுகிறது, அப்புறம் டிசம்பரில் போர்ஷன் முடிக்க ஓடும்போதுதான் அந்த அரை பீரியட் ஞாபகத்துக்கு வரும்.