ஆறு மாதம் வீடு பூட்டியிருந்தால் ஆர்.ஓ. மெம்ப்ரேனை என்ன செய்வது?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்புகிறவர்கள் ஃப்ரிட்ஜைக் காலி செய்கிறார்கள், கேஸை மூடுகிறார்கள். சுவரில் மாட்டிய ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்பான் மட்டும் வயிறு நிறையத் தண்ணீரோடு ஆறு மாதம் தொங்குகிறது. திரும்பி வந்து குழாயைத் திறந்தால் பாசி வாடை. சர்வீஸுக்கு வருகிறவர் மெம்ப்ரேனை, அதாவது உள்ளே உப்பைப் பிரிக்கும் சவ்வுச் சுருளை, மாற்றச் சொல்வார்; அநேகமாக அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

மெம்ப்ரேன் கெடுவதற்கு, அதன் முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டரும் ஒரு காரணம். குளோரின் மெம்ப்ரேனை அரித்துவிடும் என்பதால், கார்பன் அதை நீக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் தண்ணீரில் கிருமியைத் தடுக்க ஒன்றுமே இல்லை. தினமும் ஓடும்வரை சிக்கல் இல்லை. தேங்கினால் கார்பனிலேயே கிருமி வளரும். சரி, தண்ணீரை வடித்துவிட்டுப் போகலாம் என்றால் அதுவும் கூடாது. ஒருமுறை நனைந்த மெம்ப்ரேன் காய்ந்துபோனால் அதன் நுண்துளைகள் சுருங்கிவிடும். மறுபடி ஊறவைத்தாலும் பழையபடி தண்ணீர் விடாது.

ஒரு வாரம், பத்து நாள் என்றால் இன்லெட் வால்வை மூடி, பிளக்கைப் பிடுங்கி, டேங்கைக் காலி செய்தால் போதும். வந்ததும் முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் கீழே விடுங்கள். எத்தனை நாளானாலும் வால்வை மூட மறக்காதீர்கள். ஆளில்லாத வீட்டில் ஒரு கால் அங்குல டியூப் கழன்றால் தளம் முழுக்க வெள்ளம்தான்.

மாதக்கணக்கில் போவதாக இருந்தால் மெம்ப்ரேனைக் கழற்றுங்கள். அதற்கு முன் இரண்டு கணக்கு எடுத்துக் குறித்து வையுங்கள். முதலாவது டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு (பி.பி.எம்.). உள்ளே வரும் போர் தண்ணீர் 1200, மெம்ப்ரேனிலிருந்து வருவது 80 என்றால் நல்ல நிலை. மெஷினில் டி.டி.எஸ். அட்ஜஸ்டர் இருந்தால் குடிக்கும் குழாயில் அளக்காதீர்கள், அங்கே மெம்ப்ரேன் வழியாக வராத தண்ணீரும் கலந்து வரும். மெம்ப்ரேன் டியூபிலேயே பிடித்து அளக்க வேண்டும். இரண்டாவது நேரம். 75 ஜி.பி.டி. (நாளைக்கு 75 கேலன்) மெம்ப்ரேன் நல்ல அழுத்தத்தில் ஒரு லிட்டர் தர சுமார் 5 நிமிடம் எடுக்கும்.

மெம்ப்ரேன் இருக்கும் உறையான ஹவுசிங்கின் மூடியை ஸ்பேனரால் திறந்து, மெம்ப்ரேனின் நடுக்குழாயைப் பிளையரால் பிடித்து நேராக இழுங்கள். கிருமி வளராமல் இருக்க, ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 10 கிராம் உணவுத் தர சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைத்து, அதில் ஒரு மணி நேரம் முழுதாக மூழ்கவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு படியும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த நெடி மூச்சை அடைக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் வரவே கூடாது. பிறகு எடுத்து வடியவிட்டு, ஈரத்தோடு ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, தேதி எழுதுங்கள். வைக்க வேண்டிய இடம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு. ஃப்ரீசர் ஆகாது, உறைந்தால் மெம்ப்ரேன் கிழியும். உங்கள் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போகிறீர்கள் என்றால் பக்கத்து வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போங்கள். பூட்டிய வீட்டின் மே மாத வெக்கையில் அதை விட வேண்டாம். பையின் மேல் ‘சாப்பிடும் பொருள் அல்ல’ என்று பெரிதாக எழுதுவது அவசியம்.

ஸ்பன் (தூசி, மண்ணைப் பிடிக்கும் ஃபில்டர்), கார்பன் இரண்டையும் தூக்கிப் போடுங்கள். அவை இருந்த கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

திரும்பி வந்ததும் முதலில் டேங்கைச் சுத்தம் செய்யுங்கள். 5 லிட்டர் தண்ணீருக்கு வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (திரவ பிளீச்) 5 மி.லி. போதும். அரை மணி நேரம் விட்டு, குடிக்கும் குழாய் வழியாகவே வெளியேற்றி, வாடை போகும்வரை அலசுங்கள். புது கார்பனைப் போட்டதும் மெம்ப்ரேனுக்குப் போகும் டியூபைக் கழற்றி, பத்து லிட்டர் தண்ணீரைப் பக்கெட்டில் விடுங்கள். முதலில் கறுப்பாக வரும். அந்தத் தூள் மெம்ப்ரேனில் போய் உட்கார்ந்தால் இவ்வளவு பாடுபட்டதும் வீண்.

மெம்ப்ரேனில் இரண்டு சின்ன ஓ-ரிங் உள்ள முனை உள்ளே போக வேண்டும். அகலமான கறுப்பு ரப்பர் வளையம் மூடிப் பக்கம் இருக்க வேண்டும். இறுக்கமாக இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள். ரப்பர் உப்பிவிடும், மெம்ப்ரேனுக்கும் ஆகாது. தண்ணீர் அல்லது கிளிசரின் போதும். ஒரு மணி நேரம் ஓடவிட்டு அந்தத் தண்ணீரையும், அடுத்த டேங்கையும் கொட்டுங்கள்.

இப்போது பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். டி.டி.எஸ். ஏறி, தண்ணீரும் முன்பைவிட வேகமாக வந்தால் ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் மெம்ப்ரேன் சேதமாகியிருக்கிறது. டி.டி.எஸ். ஏறி, தண்ணீர் குறைந்தால் உப்புப் படிவு. டி.டி.எஸ். சரியாக இருந்து தண்ணீர் மட்டும் குறைந்தால் முன் ஃபில்டர் அடைப்பையோ பம்பையோ பாருங்கள். வேஸ்ட் டியூபில் சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தால், வேஸ்ட் தண்ணீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எஃப்.ஆர். (ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர்) அடைத்திருக்கிறது, அப்படியே ஓட்டினால் உப்பு வெளியேற வழியில்லாமல் மெம்ப்ரேனில் படிந்துவிடும். மெஷினை நிறுத்திவிட்டு, பழைய எஃப்.ஆரில் 450 என்று இருந்தால் அதே எண்ணுள்ளதை வாங்கி மாற்றுங்கள்.