டிசிபிடம்பில் ஒன்றும் வரவில்லை

டிசம்பர் 19
மூன்று நாளாக அதே இடத்தில் நிற்கிறேன். சர்வரின் சிபியு பார்த்துவந்த பயர்வால் வேலையை நெட்வொர்க் கார்டின் தலையில் கட்ட வேண்டும். கார்டை ஸ்விட்ச்டெவ் மோடுக்கு (கார்டே ஸ்விட்ச் வேலை பார்க்கும் மோடு) மாற்றியாச்சு, ஓபன் விஸ்விட்சில் (சர்வருக்குள் ஓடும் சாஃப்ட்வேர் ஸ்விட்ச்) ஹார்ட்வேர் ஆஃப்லோடை, அதாவது வேலையைக் கார்டிடம் தள்ளிவிடுவதை, ஆன் பண்ணியாச்சு. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாமலே அரை நாள் காரணம் தேடியதை இங்கே எழுதக்கூடாது என்றிருந்தேன், எழுதிவிட்டேன். இருந்தும் பாதி ஃப்ளோ (ஒரே கனெக்‌ஷனின் பாக்கெட் ஓட்டம்) 'நாட் இன் ஹார்ட்வேர்', கார்டுக்குள் இறங்கவில்லை, என்றே காட்டுகிறது. ஏன் பாதி? முழுசும் போகவில்லை என்றால்கூடப் புரியும்.

டிசம்பர் 20
தூங்கப் போனது நாலு மணிக்கு. கோயில் ஸ்பீக்கர் நாலரைக்கு.

டிசம்பர் 23
"இப்போ இருக்கிற பயர்வால் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு இந்தக் கார்டு" என்று மீட்டிங்கில் கேட்டார்கள். போர்டில் எழுதிக் காட்டினேன். 25 கிகாபிட் லைனில் 64 பைட் பாக்கெட்டாகவே வந்து நிறைந்தால் நொடிக்கு 3.72 கோடி பாக்கெட். ஒன்றுக்குக் கிடைக்கிற நேரம் 27 நானோநொடி. கேஷில் இல்லாத ஒன்றை மெமரியில் போய் எடுத்து வரவே அதைவிட அதிகம் ஆகும், இதில் எங்கே ரூல் பார்ப்பது? ஒவ்வொரு ஹோஸ்டிலும் (விஎம் என்கிற வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் சர்வர்) நாலு சிபியு கோர் இந்த வேலைக்கே போய்விடுகிறது, அந்த நாலையும் வாடகைக்கு விட்டிருக்கலாம். மைக்ரோசாஃப்டின் அசூர் கிளவுட் ஆட்கள் 2018 கட்டுரையில் இதே கணக்கைத்தான் போட்டார்கள், ஒரு கோர் வருஷத்துக்கு அதிகபட்சம் 900 டாலர் சம்பாதிக்கும் என்று. 2015 கடைசியிலிருந்தே அவர்களுடைய புது சர்வர் எல்லாவற்றிலும் எஃப்பிஜிஏ (வேலையை நாமே எழுதி மாற்றக்கூடிய சிப்) கார்டு. நாம் இப்போதுதான் ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருக்கிறோம்.

தலையாட்டினார்கள். புரிந்ததா என்று தெரியவில்லை, 900 டாலர் மட்டும் புரிந்தது.

டிசம்பர் 24
பீரோ புது வீட்டு மாடிப்படியில் திரும்பாதாம். அளந்து பார்த்தாச்சு. அம்மா பீரோ இல்லாமல் வரமாட்டேன் என்கிறாள்.

டிசம்பர் 28
ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் முதல் பாக்கெட் மட்டும் ஹோஸ்டுக்கு மேலே ஏறி வருகிறது. ரூலைப் பார்த்து விடலாமா தடுக்கலாமா என்று முடிவெடுத்து, அந்த முடிவைக் கார்டுக்குள் இறக்கிவிட்டால், அப்புறம் வருவதெல்லாம் கார்டிலிருந்து நேராக விஎம்முக்கு. ஹோஸ்டுக்குத் தெரியவே தெரியாது. வேண்டியதும் அதுதான். ஆனால் ராத்திரி டிசிபிடம்ப் (ஹோஸ்ட் வழியே போகிற பாக்கெட்டைத் திரையில் காட்டும் டூல்) போட்டுப் பார்த்தால் ஆரம்பத்தில் இரண்டு மூன்று வரி, பிறகு ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கம் ஜிபி கணக்கில் ஃபைல் ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே திரை காலி. பத்து வருஷமாக எதைக் கேட்டாலும் 'டம்ப் எடுத்துப் பார்' என்றே பழகிய ஆள் நான். இப்போது நம்புவதற்கு இருப்பது கார்டு எத்தனை பாக்கெட் பார்த்தது என்று எண்ணும் ஒரு கவுண்டர் மட்டும்.

வெளியிலிருந்து ஒரு மூடிய போர்ட்டைத் தட்டிப் பார்த்தேன். திறக்கவில்லை. படுத்தேன். எழுந்து வந்து மறுபடி தட்டினேன்.

ஜனவரி 2
அனுமதி கொடுத்த ஒரு ரூலை நீக்கிய பிறகும் பழைய எஸ்எஸ்எச் (ரிமோட் லாகின்) செஷன் சாகாமல் கிடந்தது. கார்டுதான் பழையதைப் பிடித்துவைத்திருக்கிறது என்று டிக்கெட்டில் எழுதிவிட்டேன். இல்லை. கான்ட்ராக் டேபிளில் (நடப்பில் இருக்கும் கனெக்‌ஷன்களின் பட்டியல்) எஸ்டாப்ளிஷ்ட் என்று என்ட்ரி இருக்கும்வரை சாஃப்ட்வேரிலும் அப்படித்தான் ஓடும். என்ட்ரியை அழித்ததும் செஷன் விழுந்தது. டிக்கெட்டை எடிட் செய்ய முடியாது என்பது வேறு.

ஜனவரி 5
கண்டுபிடித்துவிட்டேன்!! லாக் ரூல், பதிவு எழுதச் சொல்லும் ரூல். எப்போதோ ஆடிட்டுக்காக யாரோ போட்டது, ஒவ்வொரு பாக்கெட்டையும் கன்ட்ரோலருக்கு (ஸ்விட்சுக்கு உத்தரவு போடும் ப்ரோகிராம்) ஒரு காப்பி அனுப்பச் சொல்கிறது. கார்டால் அது முடியாது, அதனால் அந்த ரூல் தொடுகிற ஃப்ளோ மொத்தமும் சாஃப்ட்வேரிலேயே தங்கிவிடுகிறது. அதை எடுத்ததும் எல்லாம் 'இன் ஹார்ட்வேர்'. ஹோஸ்டில் சிபியு அப்படியே படுத்துவிட்டது. அரை மணி நேரம் சும்மா அந்த கிராஃபையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 6
ஆடிட் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 9
சமரசம்: புது கனெக்‌ஷனின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும் லாக். அது எப்படியும் மேலே வரத்தான் போகிறது.

புது அபார்ட்மென்ட் வாட்ச்மேனும் நோட்டில் உள்ளே வரும் நேரத்தை மட்டும்தான் எழுதுகிறார், போகும் நேரத்துக்கான கட்டம் பக்கம் பக்கமாகக் காலி.

ஜனவரி 12
நம் செட்டப்பில் விஎஃப் (கார்டிலிருந்து விஎம்முக்கு நேராகப் பிரித்துக் கொடுக்கும் பங்கு) மாட்டிய விஎம்மை ஓடும்போதே வேறு ஹோஸ்டுக்கு நகர்த்த முடியாது, ஷட் டவுன் செய்யத்தான் வேண்டும் என்று மெயில் போட்டேன். யாருக்கும் பிடிக்கவில்லை. பீரோவுக்கு பால்கனி கிரில்லைக் கழற்றலாம் என்கிறார் தச்சர்.

ஜனவரி 15
தை பிறந்தாச்சு. இனி யாரும் எதையும் தள்ளிப்போட முடியாது. பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்தது.

ஜனவரி 18, காலை 6
நேற்று ராத்திரிதான் கட்ஓவர், எல்லா ஹோஸ்டையும் புது முறைக்கு மாற்றும் வேலை. ஹோஸ்ட் ஹோஸ்டாக ரீபூட் செய்துகொண்டே போனோம், மூன்று மணிவரை ஒரு சத்தமும் இல்லை, டீ குடித்தோம், சிரித்தோம். பழக்க தோஷத்தில் பதினேழாவது ஹோஸ்டில் மூடிய போர்ட்டைத் தட்டினேன். திறந்தது.

கை நடுங்கியது. ஸ்விட்ச்டெவ் மோடு ரீபூட்டில் தங்காது, பூட்டாகும்போது நம் ஸ்கிரிப்ட்தான் மறுபடி மாற்ற வேண்டும். அந்த ஒரு ஹோஸ்டில் ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு முன்பே விஎம்கள் எழுந்து கார்டைப் பிடித்துக்கொண்டன. கார்டு பழைய லெகஸி மோடிலேயே நின்றுவிட்டது. அந்த மோடில் விஎஃப் ட்ராஃபிக் ஓபன் விஸ்விட்ச் பக்கமே வராது, அதிலிருந்த இரண்டு விஎம்மும் வெளியோடு ஒட்டிய ஃப்ளாட் நெட்வொர்க்கில் வேறு இருந்தன, நேராக வெளியே. ரூல் ஒன்றுகூட இல்லை. ஹோஸ்டில் டம்ப் எடுத்தால்? காலி. மற்ற பதினாறிலும் காலி. கார்டு காவல் காத்தாலும் இதே திரை, காக்காவிட்டாலும் இதே திரை. கவுண்டர் சைபரில் நின்றதைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

11 நிமிடம்.

ஜனவரி 18, இரவு
அந்த 11 நிமிடத்தில் யாராவது உள்ளே வந்தார்களா என்று கேட்கிறார்கள். லாக் ஓபன் விஸ்விட்சிலிருந்து வருவது. அந்தப் பக்கமே வராததற்கு ஏது லாக்.

ஜனவரி 19
விஎம் இரண்டையும் அழித்துப் புதிதாகப் போடச் சொல்லிவிட்டேன். பதினேழைத் தட்டினேன், மூடியிருக்கிறது. மற்ற பதினாறையும் தட்டினேன்.

ஜனவரி 20
லாரி வந்துவிட்டது. கிரில்லை இன்னும் கழற்றவில்லை.